கேஸுக்குப் பணம் போடட்டும், சமரசத்தில் கை வைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்தவர் வழக்குக்குப் பணம் போட்டு, ஜெயித்தால் பங்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களைப் பற்றி உங்கள் வணிகப் பக்கத்தில் அண்மையில் ஒரு சின்னக் கட்டுரை வந்திருந்தது. பணம் போடுபவருக்கு என்ன லாபம், எவ்வளவு ரிஸ்க் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். கேஸ் நடத்துகிற மனுஷன் கையில் கடைசியில் என்ன மிஞ்சும் என்று ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 31 வருஷம் தம்பு செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஐகோர்ட்டு, சிட்டி சிவில் கோர்ட்டு, ஸ்மால் காஸஸ் கோர்ட்டு என்று எல்லாப் படியும் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு வழக்கு எங்கே நிற்கும், யார் எப்போது களைத்துப்போய்க் கைகழுவுவார் என்பது எனக்கு ஓரளவு தெரியும். நல்ல கேஸ் வைத்திருந்தும், அடுத்த வாய்தாவுக்குச் சீனியரை அழைத்து வரக் காசு இல்லாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் வெளியார் பணமே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் என் வீட்டுக்கே வந்தது. என் மைத்துனர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய கம்பெனிக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்ததில் 84 லட்சம் ரூபாய் பாக்கி. சரக்கு நல்லதாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள், தங்கள் மெஷினில் மாட்டி ஓட்டியும்விட்டார்கள், பணம் மட்டும் வரவில்லை. இதில் அவர் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பில் போட்டவுடனே அதற்கான ஜிஎஸ்டியைத் தன் கையிலிருந்து கட்டியாகிவிட்டது. வராத பணத்துக்கு வரி கட்டி, அதற்கு வெளியில் கடனும் வாங்கி, அந்தக் கடனுக்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சிறு தொழில்களுக்கு என்று 2006 சட்டத்தில் நல்ல வழி இருக்கிறது. பாக்கித் தகராறைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போடலாம், தாமதமான தொகைக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம், எதிராளி அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போனால் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஆனால் இவர் சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவை சப்ளை முடிந்த பிறகுதான் செய்தார். பிறகு செய்த பதிவு முந்தைய சப்ளைக்குப் பலன் தராது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருப்பதால், அந்த வழியில் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். (பட்டறை வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், பதிவை இன்றைக்கே செய்துவிடுங்கள்.)

ஆக, வியாபார வழக்குகளுக்கான கமர்ஷியல் கோர்ட்டுதான் மிச்சம். அங்கே முதலில் சமரசத்துக்குப் போய்வர வேண்டும், அதன் பிறகுதான் வழக்கையே எடுப்பார்கள். போனோம், எதிர்த்தரப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவர்கள் வரவில்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் கோர்ட்டு ஃபீஸ். நம் மாநிலத்தில் 2017 வரை நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்தது, இப்போது மூன்று. அப்படியே பார்த்தாலும் 84 லட்சத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய், அதுவும் வழக்கைத் தாக்கல் செய்யும்போதே. வக்கீல் ஃபீஸ், சாட்சி, கணக்கு நிபுணர், அப்பீல் வந்தால் அதற்கு என்று எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம் வரை போகும் என்று கணக்குப் போட்டோம். பட்டறையில் சம்பளம் கொடுக்கவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளிடம் ஒன்பது லட்சம் எங்கே இருக்கும்?

அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். மும்பைக்காரர்கள் பணம் போடுகிறார்கள், நான் இங்கே ஏற்பாடு செய்து கொடுப்பவன் என்றார். செலவு முழுக்க எங்களுடையது, தோற்றால் ஒரு பைசா கேட்க மாட்டோம், ஜெயித்தால் எங்கள் பங்கை எடுத்துக்கொள்வோம் என்றார். மைத்துனர் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு தெளிச்சி வந்தது. "மாமா, கையெழுத்துப் போட்டுடலாமா, நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று 23 பக்கம் ஆங்கில ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்தார்.

ஒப்பந்தத்துக்குள் போகும் முன், இது சட்டப்படி சரியா என்று பலரும் கேட்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பழைய காலத்தில் அடுத்தவர் வழக்குக்குப் பணம் கொடுத்துப் பங்கு கேட்பது குற்றம். பெரிய பிரபுக்கள் ஆள் வைத்துப் பொய் வழக்குப் போட்டு ஊர் நிலத்தைச் சுருட்டிக்கொண்டிருந்ததால் வந்த தடை அது, 1967-ல்தான் அங்கே அந்தக் குற்றத்தை எடுத்தார்கள். ஆனால் நம் நாட்டில் அந்தத் தடை எப்போதுமே இல்லை. 1876-லேயே, கல்கத்தாவிலிருந்து போன ராம் குமார் குண்டு என்பவரின் வழக்கில், அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அதைச் சொல்லிவிட்டது. நியாயமான ஒப்பந்தத்தின்படி பணம் கொடுத்து, ஜெயித்தால் சொத்தில் பங்கு வாங்குவது தன்னளவில் பொதுநலனுக்கு விரோதமில்லை, ஆனால் கழுத்தை நெரிக்கிற மாதிரியான, மனசாட்சி ஒப்பாத ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் சாரம். சொத்து இருந்தும் அதை மீட்கக் காசில்லாதவருக்கு யாராவது கைகொடுப்பது நல்லதுதான் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

வக்கீல் மட்டும் இதைச் செய்யக்கூடாது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதும், கட்சிக்காரர் கேஸில் பங்கு வாங்குவதும் வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் விதிப்படி தடை. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏ.கே. பாலாஜி வழக்கில், அதுவும் நம் சென்னை ஐகோர்ட்டில் வெளிநாட்டு வக்கீல் நிறுவனங்களைப் பற்றி ஆரம்பித்த வழக்குதான், வக்கீல் பணம் போட முடியாது, வக்கீல் அல்லாத மூன்றாம் நபர் பணம் போட்டுத் தீர்ப்புக்குப் பிறகு திரும்ப வாங்குவதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்று குறிப்பிட்டது. அதனால் யாராவது உங்களிடம் வந்து இது திருட்டு வேலை என்றால் நம்ப வேண்டாம். அதே மாதிரி, வக்கீலே சொந்தக்காரர் பெயரில் பணத்தைப் போட்டுப் பங்கு கேட்டால் அதற்கு உடன்படவும் வேண்டாம்.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். பணம் வந்தால் யாருக்கு முதலில் என்று ஒரு பக்கம் இருந்தது. முதலில் அவர்கள் போட்ட பணம் அப்படியே திரும்ப வேண்டும். அதற்கு மேல், போட்டதைப்போல் மூன்று மடங்கு, இல்லாவிட்டால் வந்த தொகையில் 35 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. இரண்டு வருஷம் தாண்டினால் மூன்று மடங்கு நான்கு மடங்காகும். மிச்சம் இருப்பது மைத்துனருக்கு. படிக்கும்போது 35 சதவீதம்தான் கண்ணில் படும், வந்தவரும் வாயால் அதைத்தான் சொன்னார். "மூணுல ஒரு பங்கு எங்களுக்கு, ரெண்டு பங்கு உங்களுக்கு சார்" என்று.

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டியை விட்டுவிடுவோம். முழுத் தொகை 84 லட்சமும் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிட்டது என்று வையுங்கள், நம் ஊரில் நடக்காது, ஆனாலும் வையுங்கள். போட்ட ஒன்பது லட்சம் திரும்பப் போகும். 35 சதவீதம் என்றால் 29 லட்சத்து 40 ஆயிரம், மூன்று மடங்கு என்றால் 27 லட்சம், முன்னதுதான் அதிகம். ஆக 38 லட்சத்து 40 ஆயிரம் அவர்களுக்கு, 45 லட்சத்து 60 ஆயிரம் இவருக்கு. பாதிக்குக் கொஞ்சம் மேல். இது கூடப் பரவாயில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது நிஜத்தில் நடப்பதைப் பாருங்கள். பணம் கேட்டுப் போடும் வழக்குகள் பெரும்பாலும் நடுவில் ஏதோ ஒரு தொகைக்குப் பேசி முடிவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எதிர்த்தரப்பு 50 லட்சம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்று வருகிறது. போட்ட ஒன்பது, அதற்கு மேல் மூன்று மடங்கு 27, மொத்தம் 36 லட்சம் அவர்களுக்கு. மைத்துனருக்கு 14 லட்சம். இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் நான்கு மடங்கு, 36-ம் 9-ம் 45 லட்சம் போய் இவர் கையில் ஐந்து லட்சம். 84 லட்சம் சரக்கு கொடுத்து, அதற்கு வரியும் கட்டிய ஆளுக்கு ஐந்து லட்சம். இதை நான் வாய்விட்டுப் படித்தபோது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து, "தம்பிக்கு அஞ்சு லட்சமா, அவங்களுக்கு நாப்பத்தஞ்சா" என்று இரண்டு தடவை கேட்டாள்.

இதில் அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்றால் போட்டது மொத்தமும் போச்சு, எந்த அடமானமும் இல்லை. பத்து கேஸில் பணம் போட்டால் சிலது தோற்கும், சிலது ஜெயித்தும் எதிராளியிடம் பணம் இல்லாமல் டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வெறும் காகிதமாகக் கிடக்கும், ஜெயித்து வசூலான கேஸ்தான் மற்றதற்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். அதனால்தான் அவர்கள் கேஸை எடுக்கும் முன் சலித்துச் சலித்துப் பார்க்கிறார்கள். ஆவணம் பக்காவாக இருக்கிறதா, எதிராளியிடம் பறிக்க ஏதாவது இருக்கிறதா, செலவைப் போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு கேட்கும் தொகை இருக்கிறதா என்று. மைத்துனர் கேஸில் பில்லும் டெலிவரி சலானும் பாக்கியை ஒப்புக்கொண்ட மின்னஞ்சலும் இருந்ததால்தான் தேடி வந்தார்கள். இதே காரணத்தால், வேலை போன தொழிலாளிக்கும், வீட்டைக் காலி செய்யச் சொல்லி மிரட்டப்படும் வாடகைக்காரருக்கும், காசாக மாறாத எந்த உரிமைக்கும் இவர்கள் வரப்போவதில்லை. பெரிய கட்டுமான நிறுவனமான எச்சிசி 2019-ல் கோர்ட்டுக்கு வெளியே, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நடுவர் முன் கிடைத்த தன் தீர்ப்புகளையும் நிலுவைக் கோரிக்கைகளையும் பிளாக்ராக் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் தலைமையிலான முதலீட்டாளர்களுக்கு 1,750 கோடி ரூபாய்க்கு விட்டுக்கொடுக்க முன்வந்தது, அந்த மாதிரி இடத்தில்தான் இந்தப் பணம் சுகமாகப் பாயும். பெண்களும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும், மாற்றுத்திறனாளிகளும், தொழிலாளிகளும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கேட்கலாம், ஐகோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அது தெரியாமல் யாரும் கமிஷன் ஆளிடம் போய் நிற்க வேண்டாம்.

பங்கு கூடவோ குறையவோ இருக்கட்டும், பேசிக் குறைக்கலாம். என் தூக்கத்தைக் கெடுத்தது பதினாறாம் பக்கம். எதிராளியோடு எந்தச் சமரசமும் நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. நிறுவனம் ஏற்கச் சொல்லும் சமரசத்தை மறுத்தால் அது ஒப்பந்த மீறல். வக்கீலை அவர்கள்தான் நியமிப்பார்கள், மாற்றுவார்கள். அப்புறம், கட்சிக்காரர் ஒத்துழைக்கவில்லை என்று நிறுவனம் கருதினால் அதுவரை போட்ட தொகையை 24 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

இதை எல்லாம் சேர்த்துப் படியுங்கள். தோற்றால் கேட்க மாட்டோம் என்று முதல் பக்கத்தில் சொன்னது பதினாறாம் பக்கத்தில் காணாமல் போகிறது. ஒத்துழைக்கவில்லை என்று யார் முடிவு செய்வது? அவர்களே. அப்படியானால் அது வழக்குக்கான முதலீடு இல்லை, வட்டிக்கடன். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் இவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டமே இருக்கிறது, அநியாய வட்டி என்றால் என்ன என்று நம் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஜெயிக்கும்போது கூட்டாளி, தோற்கும்போது கடன்காரன் என்று ஒரே ஆள் இரண்டு வேஷம் போட ஒப்பந்தம் இடம் கொடுக்கக் கூடாது.

சமரசம் யார் கையில் என்பதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்பீர்கள். வழக்கு என்பது கேட்கும் தொகை மட்டும் இல்லை. என் மைத்துனருக்கு அந்தக் கம்பெனி இன்னும் ஒரு வாடிக்கையாளர்தான், பர்ச்சேஸ் பிரிவில் ஆள் மாறினால் மறுபடி ஆர்டர் வரலாம். முப்பது லட்சத்தைக் கையில் கொடுத்து, மிச்சத்தை ஆர்டராகத் தருகிறேன் என்று அவர்கள் சொன்னால் அவர் யோசிப்பார், பட்டறைக்கு அது உயிர். பணம் போட்ட நிறுவனத்துக்கு ஆர்டர் எதற்கு? அவர்கள் வேண்டாம் என்பார்கள். மாறாக, வருஷக் கடைசியில் கணக்கு முடிக்க அவர்களுக்கே பணம் தேவைப்பட்டால் 40 லட்சத்துக்கே முடி என்பார்கள், அதில் 36 அவர்களுக்கு, நாலு இவருக்கு. வாதி என்று கேஸ் கட்டில் பெயர் இவருடையது, கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்பவர் இவர், முடிவு மட்டும் இன்னொருவருடையது.

இந்த மாதிரி விஷயம் நான் பார்க்காதது இல்லை. ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் மோட்டார் விபத்து வழக்குகள் நடக்கும். ஆஸ்பத்திரி வாசலிலேயே அடிபட்டவரின் குடும்பத்தைப் பிடித்து, மருந்துச் செலவுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து, வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கி, இழப்பீடு வந்ததும் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு போகிற புரோக்கர்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பார்த்திருக்கிறேன். இழப்பீட்டைப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்ப வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்ல ஆரம்பித்த பிறகு அந்தத் தொழில் கொஞ்சம் அடங்கியது. அவர்களுக்கும் இந்தக் கோட்டு சூட்டுக்காரர்களுக்கும் வித்தியாசம் உண்டு, இவர்கள் வெளிப்படையாக எழுதிக் கொடுக்கிறார்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஷ்டத்தில் இருப்பவன் படிக்காமல் கையெழுத்துப் போடுவான் என்ற எதிர்பார்ப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வெளிநாட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரையிலும் இங்கிலாந்து வந்தது. அங்கே தபால் நிலையம் நடத்தியவர்கள் மீது கம்ப்யூட்டர் கணக்கு தப்பாகக் காட்டியதற்குத் திருட்டுப் பழி போட்டு, நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள். தபால் நிலையம் நடத்தியவர்களில் 555 பேர் சேர்ந்து தபால் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள், வெளியார் பணத்தில்தான். 2019 டிசம்பரில் 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு சமரசம் ஆனது. வக்கீல் செலவும் பணம் போட்டவர்களின் பங்கும் போக அந்த 555 பேருக்கு மிஞ்சியது ஒன்றே கால் கோடிக்கும் கீழே. வாழ்க்கை முழுக்க அவமானப்பட்டவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக இருபதாயிரம் பவுண்டு சுற்று. அவர்களுக்காகப் பிறகு அரசே தனியாக இழப்பீட்டுத் திட்டம் போட வேண்டியதாயிற்று. ஆனால் அந்த வெளியார் பணம் இல்லாவிட்டால் அந்த வழக்கே நடந்திருக்காது, கம்ப்யூட்டர்தான் தப்பு என்று கோர்ட்டில் நிரூபணமே ஆகியிருக்காது, 2024-ல் அவர்கள் மீதான தண்டனைகளை ரத்து செய்ய நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்காது. இரண்டும் உண்மை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள்தான் இதற்கு விதி எழுத வேண்டும்.

அங்கே பணம் போடும் நிறுவனங்களின் சங்கம் 2011-ல் தங்களுக்குத் தாங்களே ஒரு நடத்தை விதி வகுத்துக்கொண்டது. வழக்கின் பிடியைக் கட்சிக்காரரிடமிருந்து பறிக்கக் கூடாது, சமரசத்தில் கருத்து வேறுபாடு வந்தால் ஒரு மூத்த வக்கீலின் கருத்துக்குக் கட்டுப்பட வேண்டும், நினைத்தபோது நடுவில் கழன்றுகொள்ளக் கூடாது என்று அதில் இருக்கிறது. சங்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது, ஆனாலும் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் இன்னும் தெளிவாகச் செய்தது. 2017-ல் சட்டம் திருத்தி, முதலில் சர்வதேச நடுவர் வழக்குகளுக்கும் 2021-ல் உள்நாட்டு நடுவர் வழக்குகளுக்கும் வெளியார் பணத்தை அனுமதித்தார்கள். பணம் போடும் நிறுவனத்திடம் குறைந்தது 50 லட்சம் சிங்கப்பூர் டாலர் மூலதனமோ நிர்வகிக்கும் சொத்தோ இருக்க வேண்டும். யார் பணம் போடுகிறார்கள் என்பதை வக்கீல் நடுவருக்கும் எதிர்த்தரப்புக்கும் சொல்லியாக வேண்டும், அந்த நிறுவனத்தில் வக்கீலுக்குப் பங்கு இருக்கக் கூடாது.

நமக்கு அப்படி எதுவும் நாடு முழுவதற்கும் பொதுவாக இல்லை. மகாராஷ்டிராவில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-வது ஆணையைத் திருத்தி, வழக்கு நடத்தப் பணம் வாங்கிக்கொண்டு சொத்தில் பங்கை எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் போட்டவரை வழக்கில் சேர்க்கவும் செலவுக்கு ஜாமீன் கேட்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி ஒவ்வொரு கேள்வியும் ஒவ்வொரு கேஸாகத்தான் தெளிவாகிறது. வழக்கு தோற்றால் எதிர்த்தரப்புக்கு ஆன செலவைப் பணம் போட்டவரிடம் கேட்கலாமா என்ற கேள்வி 1876-லும் வந்தது, முடியாது என்றார்கள். 2023-ல் டெல்லி ஐகோர்ட்டிலும் ஒரு நடுவர் வழக்கில் வந்தது, ஒப்பந்தத்தில் அந்தப் பொறுப்பை ஏற்காத, வழக்கில் தரப்பாக இல்லாத நிறுவனத்தின் மீது அதைச் சுமத்த முடியாது என்று இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் சொன்னது, கூடவே இதற்கு வெளிப்படைத்தன்மை தேவை என்பதையும் குறிப்பிட்டது. அப்படியானால் தோற்றால் எதிராளியின் செலவு யார் தலையில்? ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் கட்சிக்காரர் தலையில். சாதாரண சிவில் வழக்கில் நம் கோர்ட்டுகள் செலவுத் தொகை பெரிதாகப் போடுவதில்லை, பொய் வழக்குக்கான இழப்பீட்டுக்கே 3,000 ரூபாய்தான் உச்ச வரம்பு. ஆனால் கமர்ஷியல் கோர்ட்டில் அந்த வரம்பு கிடையாது, தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுப்பதுதான் அங்கே பொது விதி. மைத்துனரிடம் காட்டிய ஒப்பந்தம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வக்கீலும் நானும் உட்கார்ந்து மூன்று திருத்தம் எழுதினோம். என்ன கணக்குப் போட்டாலும், எத்தனை வருஷம் ஆனாலும், கடைசியில் வரும் தொகையில் பாதிக்கு மேல் நிறுவனம் எடுக்கக் கூடாது. சமரசம் மைத்துனரின் முடிவு, நிறுவனத்துக்கு ஒப்பவில்லை என்றால் இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு மூத்த வக்கீல் சொல்வதை இருவரும் ஏற்க வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு நிறுவனத்தைச் சேர்ந்தது, பொய்யான ஆவணம் கொடுத்தால் ஒழிய மைத்துனரிடம் எதையும் திருப்பிக் கேட்கக் கூடாது. இவற்றோடு, ஒப்பந்தத்தைத் தமிழிலும் கொடுங்கள், பணம் போடுவது நீங்கள்தான் என்று கோர்ட்டில் ஒரு மெமோ தாக்கல் செய்கிறோம் என்றும் எழுதினோம்.

இருபது நாள் பதில் இல்லை. பிறகு அந்த ஏற்பாட்டாளர் போன் செய்தார். பாதி உச்சவரம்புக்கு ஒத்துக்கொள்வார்களாம், கோர்ட்டில் சொல்வதிலும் ஆட்சேபம் இல்லையாம், சமரசம் மட்டும் விட முடியாதாம். "பணம் எங்களது சார், எப்ப எடுக்கணும்னு நாங்கதானே சொல்லணும்" என்றார். பணம் உங்களுடையது, பாக்கி அவனுடையது என்று நான் சொன்னேன். அத்தோடு பேச்சு நின்றது.

எனவே உங்கள் வழியாக நான் கேட்பது இதுதான். மத்திய அரசோ, மாநில அரசோ, ஐகோர்ட்டே தன் விதிகளின் மூலமோ, யாராவது இதற்கு ஒரு சட்டகம் போடட்டும். பணம் போடுபவர் பெயர் கோர்ட்டுக்குத் தெரியட்டும், பங்குக்கு மேல்வரம்பு இருக்கட்டும், கட்சிக்காரர் படிக்கும் மொழியில் ஒப்பந்தம் இருக்கட்டும், சமரசம் யாருடைய பெயரில் வழக்கு இருக்கிறதோ அவருடையதாக இருக்கட்டும். இதைச் சொன்னால் முதலீடு ஓடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சிங்கப்பூரில் இத்தனை நிபந்தனையோடுதான் ஆரம்பித்தார்கள், அங்கிருந்து யாரும் ஓடிவிடவில்லை. உங்கள் பத்திரிகை இன்னொரு கட்டுரை போடுங்கள், இந்த முறை பணம் வாங்குகிறவர் பக்கத்திலிருந்து. கூட்டல் கழித்தலோடு போடுங்கள், முதலில் யார் எடுப்பார், மிச்சம் யாருக்கு என்று. பாரிமுனையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவராவது அதைப் படித்திருப்பார்.

மைத்துனர் மனைவி தன் வளையல்களையும் கல்யாணத்துக்குப் போட்ட ஆரத்தையும் வங்கியில் அடகு வைத்துக் கோர்ட்டு ஃபீஸ் கட்டினாள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை, நியாயமான நிபந்தனையில் வெளியார் பணம் கிடைத்திருந்தால் அந்த நகை வீட்டிலேயே இருந்திருக்கும். போன மாதம் கேஸுக்கு நம்பர் விழுந்தது. சம்மன் போய்விட்டது, எதிர்த்தரப்பு பதிலுரை தாக்கல் செய்ய அதிகபட்சம் 120 நாள். வக்கீலின் மீதி ஃபீஸுக்கு இன்னும் வழி பார்க்கிறோம். அதற்குள் வேறு யாராவது பணம் போட வந்தால், அந்த மூன்று திருத்தமும் தட்டச்சு செய்து தயாராக மைத்துனர் மேஜையில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
பெரம்பூர், சென்னை.